நன்றாகத்தான் தெரிகிறது, எனக்கு எதற்கு விழித்திரைப் படம்? சர்க்கரை நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண் முகாம்களிலும் மருத்துவமனையிலும் விழித்திரைப் படம் எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேர் கேமரா முன் உட்காருவார்கள். எழுந்து போகும்போது கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். வரிசை நீளமாக இருந்தால் பாதிப் பதிலோடு அனுப்பிவிட நேர்கிறது. மீதிப் பாதி இங்கே. நான் டாக்டர் இல்லை. உங்கள் கண்ணுக்கு என்ன சிகிச்சை என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பார்வை நன்றாகவே இருக்கிறது. பிறகு எதற்குப் படம்?

இதைக் கேட்காதவர்கள் குறைவு. ஒரு முகாமில் தையல்கார அம்மா ஒருவர், "கண்ணாடி போட்டுக்கிட்டா கறுப்புத் துணியில கறுப்பு நூலே தைப்பேன், எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை இரண்டு கண்ணாலும் படித்தார். படம் எடுத்துப் பார்த்தால், வலக்கண்ணின் நடுப்பகுதியை ஒட்டி மஞ்சள் புள்ளிகள், கோலமாவு சிந்தியது போல அரைவட்டமாகக் கிடந்தன.

நாம் எழுத்துப் படிப்பதும் முகம் அடையாளம் காண்பதும் விழித்திரையின் நடுவில் உள்ள மாக்குலா என்ற சிறு பகுதியால். அதிலும் கூர்மையான பார்வைக்கு உரிய குழியின் அகலம் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான். கசிவும் ரத்தப் புள்ளியும் அந்தக் குழிக்கு வெளியே இருக்கும்வரை எழுத்துப் பலகையில் ஒன்றும் பிடிபடாது. வலிக்காது, கண் சிவக்காது, நீர் வடியாது. நடுவைத் தொட்ட பிறகுதான் எழுத்து வளைவதும் மங்குவதும் தொடங்கும். அப்போதும் ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் மூடிமறைத்துச் சமாளித்துவிடும். அதில் இன்னும் சில மாதங்கள் ஓடிப்போகும்.

சர்க்கரை கண்ணுக்குள் அப்படி என்னதான் செய்கிறது?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "கண் நரம்பு வீக்காயிடுச்சு" என்று நம் ஊரில் எல்லாவற்றுக்கும் சொல்வோம். சர்க்கரைக்காரர்கள் விஷயத்தில் அந்த "நரம்பு" பெரும்பாலும் விழித்திரையில் ஓடும் ரத்தக் குழாய்தான். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் உட்பக்கமாக ஒட்டியிருக்கும் மெல்லிய திசு. பழைய கேமராவில் ஃபிலிம் சுருள் இருந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே உள்ள நுண் குழாய்களின் சுவரைப் பெரிசைட் என்ற செல்கள் வெளியிலிருந்து அணைத்துப் பிடித்திருக்கும். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் இந்தச் செல்கள் செத்துப்போகின்றன. பிடிப்பு விட்ட இடத்தில் குழாய் புடைக்கும், கிழிந்த டயர் வழியாகச் சைக்கிள் டியூப் புடைக்குமே, அப்படி. இந்தப் புடைப்புக்குத்தான் மைக்ரோ அனூரிசம் என்று பெயர். அது வெடித்தால் ரத்தப் புள்ளி. கசிந்தால் கொழுப்பும் புரதமும் வெளியே தங்கி மஞ்சள் படிவு. நடுப்பகுதியில் நீர் கோத்தால் மாக்குலா வீக்கம்.

இன்னொரு பக்கம் சில குழாய்கள் அடைத்துப்போகும். ரத்தம் போகாத இடம் பஞ்சுத் துணுக்கு போல வெளுத்துத் தெரியும். அடைப்பு கூடக்கூட, பசித்த விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது. கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழாய்களுக்குச் சுவர் பலம் கிடையாது. உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், தழும்பாகிச் சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பிரிக்கும். "நேத்து ராத்திரி வரைக்கும் தெரிஞ்சுது, காலையில எந்திரிச்சா இருட்டு" என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான். புடைப்பில் தொடங்கி இங்கே வந்து சேரப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் கண்டுபிடிப்பதற்காகத்தான் படம்.

ஆரம்ப மாற்றம் படத்தில் எப்படி இருக்கும்?

சுகமான விழித்திரை ஆரஞ்சும் சிவப்பும் கலந்த வட்டமாக இருக்கும். மூக்குப் பக்கமாக வெளிர்மஞ்சள் காசு ஒன்று. அதுதான் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம். அதிலிருந்து ரத்தக் குழாய்கள் மேலும் கீழும் கிளை பிரிந்து போகும். காதுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, குழாய்கள் ஒதுங்கிப் போகிற கருஞ்சிவப்பு நிழல்தான் மாக்குலா.

மைக்ரோ அனூரிசம் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குத்தான் இருக்கும். ஆரஞ்சுப் பின்னணியில் சிவப்புப் புள்ளி, அதுவும் இந்த அளவில்: புதிதாக வேலைக்கு வந்தவர் நிச்சயம் தவற விடுவார். அதற்கு ஒரு வழி உண்டு. படத்தின் பச்சை நிறத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்போம். ரத்தம் பச்சை ஒளியை விழுங்கிவிடும் என்பதால் குழாய்களும் புள்ளிகளும் கறுப்பாக எழுந்து நிற்கும். வண்ணப் படத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடத்தில் மூன்று, நான்கு புள்ளிகள் தெரியும்போது இப்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஏமாற்றும் புள்ளிகளும் உண்டு. ஒருமுறை காலையிலிருந்து வந்த எல்லோருக்கும் படத்தின் ஒரே மூலையில், ஒரே அளவில் ஒரு கறை தெரிந்தது. ஏழாவது ஆளுக்குப் பிறகுதான் உறைத்தது, அது லென்சில் ஒட்டியிருந்த தூசி. துடைத்துவிட்டு ஏழு பேரையும் மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தேன். நன்றாகத் திட்டு வாங்கினேன்.

போன வருடம்தான் கண்ணாடி மாற்றினேன். அப்போதே பார்த்திருப்பார்களே?

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது வேறு, விழித்திரை பார்ப்பது வேறு. உங்கள் கண்ணில் மருந்து ஊற்றி ஒருவர் லென்ஸ் வைத்து உள்ளே பார்த்தாரா, அல்லது கேமராவில் படம் எடுத்தாரா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விழித்திரையை யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்று: சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது கண்ணின் லென்சில் நீர் கூடிக் குறைந்து பவரும் மாறும். ஆறு மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து ஊற்றியே ஆக வேண்டுமா? அன்றைக்கு முழுக்க வேலை கெட்டுவிடுகிறது.

கட்டாயம் இல்லை. மருந்து ஊற்றாமலே எடுக்கும் கேமராக்கள் இப்போது பரவலாக இருக்கின்றன. அரையிருட்டு அறையில் கண் பாப்பா (கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) தானாக விரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் குறி பார்த்துவிட்டு, ஒரே ஒரு ஃபிளாஷ். இளம் வயதினருக்கு இது அருமையாக வரும். வயதானவர்களுக்குப் பாப்பா சுருங்கியே இருக்கும், சர்க்கரை நாள்பட்டவர்களுக்கு இன்னும் சுருக்கம். அப்போது படத்தின் ஓரம் கறுத்து, நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். அதை வைத்து "ஒன்றும் இல்லை" என்று சொல்லக் கூடாது. மருந்து ஊற்றித்தான் எடுக்க வேண்டும்.

சொட்டு விட்டு இருபது, முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை கிட்டத்தில் மங்கலாகவும் வெளிச்சத்தில் கூச்சமாகவும் இருக்கும். டூவீலரில் வராதீர்கள். கூட ஒரு ஆளைக் கூட்டி வாருங்கள். பலர் பணம் எண்ண முடியாமல் பஸ் கண்டக்டரிடம் பர்சையே நீட்டிய கதைகள் சொல்வார்கள். ஏற்கெனவே கண்ணழுத்தம் இருக்கிறது என்று சொல்லப்பட்டிருந்தால், சொட்டு விடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். இது ரத்தப் பரிசோதனை இல்லை. இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வரிசையில் நிற்கும்போது சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர்களைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறோம்.

ஃபண்டஸ் போட்டோ, ஓசிடி, ஆஞ்சியோ என்று எழுதுகிறார்கள். எல்லாம் தேவையா?

எல்லோருக்கும் எல்லாம் தேவையில்லை.

விழித்திரையின் சாதாரண வண்ணப் படமான ஃபண்டஸ் போட்டோதான் அடிப்படை. வழக்கமான கேமரா 45 டிகிரி அளவுக்கு, அதாவது மாக்குலாவும் பார்வை நரம்பும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் சேர்ந்து வரும்படி எடுக்கும். ஆரம்ப மாற்றங்களைத் தேடுவதற்கு இதுவே பெரும்பாலும் போதும். ஓரப் பகுதி இதில் வராது. 200 டிகிரி வரை ஒரே தடவையில் எடுக்கும் அகலக்கோணக் கேமராக்கள் விழித்திரையின் சுமார் 80 சதவீதத்தைக் காட்டும். விலை அதிகம் என்பதால் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கும்.

ஓசிடி வேறு ரகம். அது விழித்திரையை மேலிருந்து பார்ப்பதில்லை, குறுக்காக வெட்டிக் காட்டுகிறது. அடுக்கடுக்கான மைசூர்பாகை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போல. 1991ல் அமெரிக்காவில் அறிமுகமான முறை இது. ஒளியை அனுப்பி, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் அது திரும்பி வருவதை அளந்து படம் வரையும். கண்ணைத் தொடாது, கதிர்வீச்சு கிடையாது, சில நொடிகளில் முடிந்துவிடும். இப்போதைய கருவிகள் சுமார் 5 மைக்ரான் வரை, அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே பிரித்துக் காட்டுகின்றன. மாக்குலாவில் நீர் கோத்திருக்கிறதா என்பதை இதுபோல வேறெதுவும் சொல்லாது. தட்டையான போட்டோவில் வீக்கத்தை ஊகிக்கத்தான் முடியும், ஓசிடியில் அளக்கலாம். அந்தத் தையல்கார அம்மாவுக்கும் அடுத்து எடுத்தது இதைத்தான். வீக்கம் நடுக்குழியைத் தொடவில்லை.

ஓசிடி வந்த பிறகு புரிந்த இன்னொரு விஷயம்: சிலருக்குப் போட்டோவில் ஒரு புள்ளி கூட வருவதற்கு முன்பே விழித்திரையின் நரம்புச் செல் அடுக்கு மெலியத் தொடங்கிவிடுகிறது. சர்க்கரை ரத்தக் குழாயை மட்டும் தாக்குவதில்லை, நரம்புச் செல்லையும் சேர்த்தே தாக்குகிறது. ஆராய்ச்சி அளவில் இது முக்கியம். ஆனால் அந்த மெலிவை மட்டும் வைத்து உங்களுக்கு இன்று மருந்து எழுதுகிற நிலை இன்னும் வரவில்லை.

ஆஞ்சியோ என்றதும் இதய ஆஞ்சியோவை நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். கண்ணுக்குச் செய்வது வேறு. கையின் ரத்தக் குழாயில் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தை ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைத் தொடர்ச்சியாகப் படம் எடுப்போம். எங்கே கசிகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். சிலருக்குக் குமட்டும். ஒரு நாள் தோல் மஞ்சளாகவும் சிறுநீர் அடர் மஞ்சளாகவும் போகும், பயப்பட வேண்டாம். அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பதால் மருத்துவமனையில் வைத்துத்தான் செய்வார்கள். சாயமே ஏற்றாமல், ரத்த ஓட்டத்தின் அசைவை வைத்தே குழாய்களை வரைந்து காட்டும் ஓசிடி ஆஞ்சியோவும் இப்போது வந்துவிட்டது. அது அடைப்பை நன்றாகக் காட்டும், கசிவைக் காட்டாது.

ரிப்போர்ட்டில் "மைல்ட் என்பிடிஆர்" என்று போட்டிருக்கிறது. என்ன அர்த்தம்?

என்பிடிஆர் என்றால் புதுக் குழாய்கள் இன்னும் முளைக்காத நிலை. அதில் மூன்று படிகள். மைக்ரோ அனூரிசம் மட்டும் இருந்தால் மைல்ட். ரத்தப் புள்ளி, மஞ்சள் படிவு, பஞ்சுத் துணுக்கு என்று கூடினால் மாடரேட். விழித்திரையை நான்காகப் பிரித்துப் பார்த்தால், நான்கு கால்பகுதிகளிலும் ஏராளமான ரத்தக் கசிவு, அல்லது இரண்டு கால்பகுதிகளில் சிரைகள் மணிமாலை போல முடிச்சு முடிச்சாகத் தெரிவது, அல்லது ஒரு கால்பகுதியிலாவது நுண் குழாய்கள் தாறுமாறாக விரிந்து நெளிவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சிவியர். சிவியர் நிலையில் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஒரே ஆண்டுக்குள் புதுக் குழாய்கள் முளைத்துவிடும் என்பது பழைய அமெரிக்க ஆய்வொன்றின் கணக்கு. புதுக் குழாய் முளைத்த நிலைக்குப் பிடிஆர் என்று எழுதுவார்கள்.

டிஎம்இ என்று தனியாக எழுதியிருந்தால் அது மாக்குலா வீக்கம். மேலே சொன்ன எந்தப் படியிலும் அது சேர்ந்து வரலாம். அதனால் "மைல்ட்தானே" என்று ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். கீழே டிஎம்இ பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

எத்தனை பேருக்கு இந்த விழித்திரை பாதிப்பு வருகிறது?

சென்னையில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள், ஒன்று மெட்ராஸ் டயபடீஸ் ஆராய்ச்சி நிறுவனத்துடையது, மற்றது சங்கர நேத்ராலயாவுடையது, இரண்டுமே ஏறத்தாழ ஒரே எண்ணைத் தந்தன: நீரிழிவு உள்ளவர்களில் 17.6 சதவீதம், 18 சதவீதம். பின்னால் இந்தியாவின் பல மாநிலங்களிலும் எடுத்த ஸ்மார்ட் இந்தியா ஆய்வில் 40 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பும், 4 சதவீதம் பேருக்குப் பார்வையைப் பறிக்கும் அளவுக்கான பாதிப்பும் இருந்தன. நான்கு சதவீதம் சின்ன எண்ணாகத் தோன்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023ல் சொன்ன கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்?

பெரியவர்களுக்கு வரும் டைப் 2 என்றால், சர்க்கரை என்று தெரிந்த உடனேயே முதல் படம். "இப்பத்தானே வந்துச்சு" என்பார்கள். இப்பத்தான் தெரிந்தது, வந்தது எப்போதோ. பிரிட்டனில் நடந்த புகழ்பெற்ற யுகேபிடிஎஸ் ஆய்வில், புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு அப்போதே விழித்திரையில் மாற்றம் இருந்தது. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் டைப் 1 என்றால், நோய் தெரிந்து 5 ஆண்டுக்குள் தொடங்கலாம்.

பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. தொடர்ந்து படம் சுத்தமாக இருந்து, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று டாக்டர் தளர்த்தலாம். மாற்றம் தொடங்கிவிட்டால் ஆறு மாதம், மூன்று மாதம் என்று அவரே சொல்வார்.

ஆண்டுதோறும் படம் எடுப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் இங்கிலாந்தைச் சொல்வேன். 12 வயதுக்கு மேற்பட்ட எல்லா நீரிழிவு நோயாளிகளையும் அரசே கடிதம் போட்டுக் கூப்பிட்டுப் படம் எடுக்கிற திட்டம் அங்கே 2003ல் தொடங்கியது. உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு ஐம்பது ஆண்டுகளாக முதல் காரணமாக இருந்த நீரிழிவு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த இடத்தை இழந்துவிட்டது என்று 2014ல் ஓர் ஆய்வு சொன்னது. படம் மட்டும் அதைச் செய்யவில்லை, சர்க்கரைக் கட்டுப்பாடும் சேர்ந்துதான். ஆனாலும் கடிதம் போட்டுக் கூப்பிடுவது பெரிய விஷயம். இங்கே நாமாக நினைவு வைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பிறந்த நாள் மாதத்தில் எடுத்துவிடுங்கள் என்று சொல்லியனுப்புவேன், மறக்காது.

இப்போது கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடுகிறதாமே? நம்பலாமா?

நம்பலாம், எதற்கு என்று தெரிந்துகொண்டு.

2016ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள், 1,28,000க்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கிய கம்ப்யூட்டர் நிரலின் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த ஆய்வுக்கான படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா மருத்துவமனைகளிலிருந்து போனவை. நம் ஊர்க் கண்களைப் பார்த்தும் அது பாடம் படித்தது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. 2018 ஏப்ரலில், மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற நிரலுக்கு அனுமதி கொடுத்தது. டாக்டர் படத்தைப் பார்க்காமலே, "கண் மருத்துவரிடம் போ" அல்லது "ஓர் ஆண்டு கழித்து வா" என்று அதுவே சொல்லும்.

நமக்கு இன்னும் நெருக்கமானது சென்னையில் நடந்த ஆய்வு. கைபேசியோடு பொருத்திய கேமராவில் 296 நோயாளிகளுக்குப் படம் எடுத்து நிரலிடம் கொடுத்தார்கள். பார்வையைப் பறிக்கும் அளவுக்குப் பாதிப்பு இருந்தவர்களில் 99.1 சதவீதம் பேரை அது பிடித்துவிட்டது. அப்படிப் பாதிப்பு இல்லாதவர்களில் சுமார் ஐந்தில் ஒருவரையும் "இருக்கலாம்" என்று காட்டியது. முகாமுக்கு இந்தக் குணம் பரவாயில்லை. வாசலில் நிற்கும் காவல்காரர் கொஞ்சம் சந்தேகப் பிராணியாக இருப்பது நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டர் "பாசிட்டிவ்" என்று சொன்னதும் கண் போய்விட்டதாக அழ வேண்டியதில்லை.

அதன் பலவீனம் படத்தின் தரம். தாய்லாந்தின் சுகாதார நிலையங்களில் கூகுளின் நிரலைப் பயன்படுத்தியபோது, முதல் ஆறு மாதத்தில் கொடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று அது ஒதுக்கிவிட்டது. காரணம் பெரும்பாலும் அறை வெளிச்சம். முகாம் நடத்துகிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. கல்யாண மண்டபத்தில் ஜன்னலுக்குத் திரை இருக்காது. மேஜை விரிப்புகளைக் கயிற்றில் கட்டி இருட்டாக்கித்தான் படம் எடுப்போம்.

அப்புறம், இந்த நிரல்கள் எதைத் தேடப் பழக்கப்பட்டனவோ அதைத்தான் தேடும். சர்க்கரை மாற்றம் இல்லை என்று அது சொன்னால், கண்ணழுத்த நோயும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

புரை இருக்கிறது, படம் மங்கலாக வந்ததாகச் சொன்னார்கள். அப்படியானால்?

மங்கலான படம் என்றால் "பார்க்க முடியவில்லை" என்று அர்த்தம். "ஒன்றும் இல்லை" என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கண் டாக்டரிடம் நேரில் காட்டியே ஆக வேண்டிய ஆட்கள் நீங்கள்தான்.

ஆரம்ப மாற்றம் என்று சொல்லிவிட்டார்கள். உடனே லேசரா, ஊசியா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. மைல்ட், மாடரேட் நிலையில் மாக்குலா வீக்கம் இல்லையென்றால் கண்ணுக்கென்று தனியாகச் சிகிச்சை பொதுவாகக் கொடுப்பதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டுப்படுத்திவிட்டு, சொன்ன தேதிக்கு மறுபடி வரச் சொல்வார்கள். "ஒண்ணுமே பண்ணாம அனுப்பிட்டாங்க" என்று கோபித்துக்கொண்டு அடுத்த மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் வேண்டாம்.

மாக்குலாவின் நடுவில் வீக்கம் இருந்தும் பார்வை நன்றாக இருப்பவர்களுக்கு உடனே ஊசி போடுவதா, கவனித்துக்கொண்டே இருந்து பார்வை குறைந்தால் தொடங்குவதா என்று அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019ல் வந்த முடிவு: இரண்டு ஆண்டு கழித்து இரு தரப்பின் பார்வையிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் "கவனித்துக்கொண்டே" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சொன்ன தேதிக்கு வராதவருக்கு இந்த முடிவு பொருந்தாது. புதுக் குழாய் முளைத்துவிட்டால் லேசரும், விஇஜிஎஃப் புரதத்தைத் தடுக்கும் ஊசியும்தான் கண்ணைக் காப்பாற்றும், தள்ளிப்போடக் கூடாது.

சர்க்கரையைக் குறைத்தால் புள்ளிகள் மறையுமா?

சில மறையும். பஞ்சுத் துணுக்குகள் வாரங்களில், மாதங்களில் கரையும். சில மைக்ரோ அனூரிசங்கள் அடைத்துக் காணாமல் போகும், வேறு இடத்தில் புதிதாக வரும். அடைத்துப்போன குழாய் திரும்பத் திறப்பது கடினம்.

கட்டுப்பாட்டின் பலனைக் காட்டிய பெரிய சான்று 1993ல் வெளியான டிசிசிடி ஆய்வு. டைப் 1 நோயாளிகள் 1,441 பேர். சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அது முற்றுவது 54 சதவீதம் குறைந்தது.

ஓர் எச்சரிக்கை. நீண்ட காலம் எகிறிக் கிடந்த சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைத் திடீரென்று தடாலடியாக இறக்கினால், முதல் சில மாதங்களில் விழித்திரை சற்று மோசமாகலாம். இன்சுலின் தொடங்கும்போது, உடல் எடைக்கான புதிய ஊசிகள் தொடங்கும்போது இதைக் கவனித்திருக்கிறார்கள். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது, நீண்ட காலத்தில் கட்டுப்பாடுதான் ஜெயிக்கும். மருந்து தொடங்குமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிட்டால்?

சாப்பிடுங்கள், நல்ல கீரை. கசிகிற குழாயை அது அடைக்காது.

இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். கண்ணில் ரத்தம் கசிகிறது என்றதும் நிறுத்திவிட்டேன்.

பயம் புரிகிறது, ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஆஸ்பிரினால் கண்ணுக்குள் ரத்தக் கசிவு கூடவில்லை என்று தெரிந்தது. இதய டாக்டரைக் கேட்டு முடிவெடுங்கள்.

என் மகளுக்குச் சர்க்கரை இருக்கிறது, இப்போது மாசமாக இருக்கிறாள்.

கர்ப்ப காலத்தில் விழித்திரை பாதிப்பு வேகம் எடுக்கலாம். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் என்றால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதோ முதல் மூன்று மாதத்துக்குள்ளோ ஒரு படம், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். போட்டோவும் ஓசிடியும் குழந்தையைப் பாதிக்காது. சாயம் ஏற்றும் ஆஞ்சியோவை மட்டும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். கர்ப்பத்தின்போது மட்டும் வந்து போகும் சர்க்கரைக்கு இந்தப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது.

அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாத நிலை எது?

கண் முன் திடீரென்று கறுப்பு நூல், ஒட்டடை, புகை போல மிதந்தால், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல இருந்தால், வாசல் கம்பியின் நேர்கோடு வளைந்து தெரிந்தால், அன்றைக்கே போங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டரைப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் இவை சீக்கிரம் தெரியும்.

பழைய படங்களை வைத்திருக்க வேண்டுமா?

கட்டாயம். போன வருடம் மாக்குலாவிலிருந்து தள்ளி இருந்த மஞ்சள் படிவு இந்த வருடம் நெருங்கி வந்திருக்கிறதா என்பது, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஆனால் சாதாரணத் தாளில் அச்சடித்துக் கொடுப்பது பெரும்பாலும் உதவாது, மை பூத்து எல்லாப் புள்ளியும் ஒரே சிவப்பாகிவிடும். படத்தையே போனில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பும்போது எது வலக்கண், எது இடக்கண், என்ன தேதி என்பது படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தையல்கார அம்மா மறு வருடம் மஞ்சப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். மடிப்பு சரியாக மாக்குலாவின் மேல் விழுந்திருந்தது. அவருடைய மகன் போனில் படம் இருந்ததால் பிழைத்தோம்.